கள்ளச்சாராயம் என்ற பெயரும் மெத்தனால் என்ற நஞ்சும்: செங்கல்பட்டு 2023

2023 மே மாதத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம், சித்தாமூர் வட்டாரத்திலும் விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் அருகிலுள்ள எக்கியார்குப்பத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த நிகழ்வு, கள்ளச்சாராயச் சாவு என்றே செய்தித்தாள்களில் பெயர்பெற்றது. தடய அறிவியல் ஆய்வுக்குப் பின், அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமன்று, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அப்போதைய காவல்துறைத் தலைமை இயக்குநர் சைலேந்திர பாபு அறிவித்தார். பொறுப்பு யாருடையது என்ற அரசியல் சர்ச்சையில் இந்தப் பெயர்மாற்றம் அமிழ்ந்துபோனது. ஆனால் பலர் ஒரே நேரத்தில் நஞ்சுக்கு ஆட்படும்போது மக்களிடம் என்ன சொல்வது என்ற கேள்விக்கு, இப்பெயரே மையம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மெத்தனால் குடித்தவுடன் கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைத் தாக்குவதும் இரத்தத்தை அமிலமாக்குவதும் அந்த அமிலமே. இதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். குடிக்கத்தக்க சாராயமான எத்தனாலும் உடன் சேர்ந்திருந்தால், கல்லீரல் அதையே முதலில் கையாள்வதால், இன்னும் தாமதமாகும். எனவே மாலையில் ஒன்றாகக் குடித்தவர்களுள் ஒருவர் வாந்தியெடுத்து, கண்முன் வெண்புகை படர்ந்ததாகச் சொல்லும் நேரத்தில், மற்றவர் எவ்விதத் தொல்லையுமின்றி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கலாம். அவரைக் காப்பாற்றக்கூடிய நேரமும் அதுவே.

கள்ளச்சாராயம் குடிக்காதீர்கள் என்ற அறிவிப்பு அவர் காதில் எவ்வாறு விழும்? ஆண்டுக்கணக்கில் குடித்தும் உயிரோடிருப்பவருக்கு அது பழகிப்போன அறிவுரை. நேற்று வாங்கிய சாராயப் பாக்கெட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அதனினும் கேடானது, கள்ள என்ற முன்னொட்டு நோயாளியைக் குற்றவாளியாக்கிவிடுவது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் குடிப்பதையும் குற்றமாகக் கொள்வதால், இந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பம் வெறும் வயிற்றுவலி என்று சொன்னால், மாற்று மருந்துக்கும் இரத்தச் சுத்திகரிப்புக்கும் உரிய மணிநேரங்கள் வீணாகும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமன்று என்று மாவட்ட நிர்வாகம் தொடக்கத்தில் தெரிவித்ததாகச் செய்திகள் வெளிவந்தன. பதற்றத்தைத் தவிர்க்கவே அவ்வாறு சொல்லப்பட்டதாகக் கொண்டாலும், உறுதிப்படாத நிலையில் மறுப்பது, உறுதிப்படாத நிலையில் எச்சரிப்பதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. தவறான எச்சரிக்கையால் சிலர் வீணே மருத்துவமனைக்கு வந்து திரும்புவர், தவறான மறுப்போ எஞ்சிய பாக்கெட்டையும் குடிக்கவைக்கும். 2012இல் செக் குடியரசில் இதே நஞ்சு பரவியபோது, மூலம் முழுதும் தெரியுமுன்பே, 20 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவகைகளின் விற்பனையை அந்நாட்டு அரசு நாடெங்கும் நிறுத்தியது.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி அவசரகால ஒத்திகைகள் நடத்தப்படுகின்றன. யார் அறிவிப்பது, மக்கள் எங்கே செல்வது என்பவை முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. பாக்கெட்டில் வரும் நஞ்சுக்கும் அத்தகைய வாசகம் ஆயத்தமாக இருக்க வேண்டும். “நேற்றும் முந்தாநாளும் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றாலும் இப்போதே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், கேஸ் கிடையாது” என்று ஆட்டோ ஒலிபெருக்கியில் சொன்னால் போதும். ஆனால் அதன் கடைசி இரு சொற்களை மெய்யாக்க அரசாணை ஒன்று முன்பே இருக்க வேண்டும். அதைக் குடிசை வாசலில் நின்று சொல்பவர் காவலராக இல்லாமல், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தரும் அதே பெண்ணாக இருந்தால், உள்ளே படுத்திருப்பவர் எழுந்து வருவார்.