கேக்கின் மேல் சாக்லேட் ஏறிய கதை

வீட்டில் சாக்லேட் ஃப்ராஸ்டிங் செய்ய அடுப்பே வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இளக விட்ட வெண்ணெய் 100 கிராம், சலித்த ஐசிங் சுகர் 200 கிராம், கோகோ பவுடர் 50 கிராம், பால் இரண்டு மூன்று ஸ்பூன். நன்றாக அடித்துக் குழைத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இதன் பின்கதையைத் தேடிப் போனபோதுதான் ஒன்று புரிந்தது: இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு பெரிய மாளிகைச் சமையலறையிலும் இது நடந்திருக்காது.

அப்போது கேக்கின் மேல்பூச்சு என்றால் வெள்ளைதான். ஃப்ராஸ்டிங் என்ற பெயரே உறைபனியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபல்ட் 1769இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில், கல்யாணக் கேக்குக்கு ஒரு சர்க்கரைப் பூச்சு இருக்கிறது. இரண்டு பவுண்டு சர்க்கரையை இரண்டு அவுன்ஸ் ஸ்டார்ச்சுடன் இடித்து மெல்லிய சல்லடையில் சலிக்க வேண்டும். ஐந்து முட்டையின் வெள்ளைக்கருவைக் கத்தியால் அரை மணி நேரம் அடிக்க வேண்டும். கத்தியால்! படிக்கும்போதே கை வலிக்குது. சர்க்கரையும் பொடியாக வராது. கல் மாதிரி இறுகிய கூம்பாக வரும், உடைத்துத்தான் இடிக்கணும். ராஃபல்ட் ஆர்லி ஹால் மாளிகையில் ஹவுஸ்கீப்பராக இருந்தவர். வலி தெரிந்துதான் எழுதியிருப்பார். அந்தச் சர்க்கரையின் பின்னால் இருந்த கரீபியன் அடிமைகளின் வலிக்குச் சமையல் புத்தகங்களில் இடமில்லை. ஸ்டார்ச் மட்டும் இன்னும் தொடர்கிறது. உங்கள் வீட்டு ஐசிங் சுகர் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் சோள ஸ்டார்ச் என்று போட்டிருக்கும்.

சாக்லேட் அன்றைக்குக் குடிக்கிற பொருள். கோகோ கொட்டையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அரைத்துக் கரைத்தால் மேலே எண்ணெய் மிதக்கும். ஆம்ஸ்டர்டாமில் வான் ஹூட்டன் குடும்பம் 1828இல் காப்புரிமை வாங்கிய அழுத்து இயந்திரம் அந்தக் கொழுப்பில் பெரும்பகுதியைப் பிழிந்து எடுத்தது. மிஞ்சிய சக்கையைப் பொடித்தால் கோகோ பவுடர். காரம் சேர்த்துப் பதப்படுத்தியதும் நிறம் கறுத்தது, கசப்பு குறைந்தது. எல்லாம் குடிப்பதற்காகச் செய்தது. கேக்கை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த வேடிக்கை இதில்தான் இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு ஒரு கொழுப்பைப் பிழிந்து எடுத்த பொடியில், நாம் வேறொரு கொழுப்பைக் கலக்கிறோம். காரணம் இருக்கிறது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் உருகும். அறைச் சூட்டில் இறுகி நிற்கும். பால் வெண்ணெய் 20 டிகிரியிலேயே கத்திக்கு வளைந்து கொடுக்கும். பூசுவதற்கு அதுதான் தோது. (சென்னை மே மாதத்தில் வளைவதோடு நிற்காது, வழிந்து ஓடும். அது வேறு பிரச்சினை.)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் ‘சாக்லேட் கேக்’ என்று பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பல இடங்களில் அது உள்ளே மஞ்சளோ வெள்ளையோதான், மேலே மட்டும் சாக்லேட். அந்தப் பூச்சைப் பெரும்பாலும் காய்ச்சித்தான் செய்தார்கள். சாக்லேட், சர்க்கரை, பால் எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார்கள். நம்ம பாட்டிகள் பார்க்கும் அதே உருண்டைப் பதம். ஒரு நிமிடம் பிந்தினால் மணல் மணலாகிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஐசிங் சுகர் கடையில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் பதம் தெரியாதவர்களும் தைரியமாகச் செய்ய முடிந்தது.

இதற்கெல்லாம் ஒருமுறை அரசே தடை போட்டது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை தட்டுப்பட்டதால், 1940 ஆகஸ்டிலிருந்து பிரிட்டனில் கேக்கின் மேல் சர்க்கரை பூசி விற்க முடியாது. கல்யாணம் நிற்குமா? அட்டையிலும் பிளாஸ்டரிலும் அலங்காரமாக அடுக்குக் கேக் கூடு செய்து மேஜையில் வைத்தார்கள். போட்டோ எடுத்ததும் கூட்டைத் தூக்கினால், உள்ளே பூச்சு இல்லாமல் சின்னதாக ஒரு கேக் இருக்கும். அங்கே சர்க்கரை ரேஷன் முடிந்தது 1953 செப்டம்பரில்.