வேலையா, வருமானமா: நியூயார்க் கலைத் தொழிலாளர் கூட்டணியின் 1970 கோரிக்கைத் தாள் பற்றி ஒரு மறுவாசிப்பு

ஜூலியா பிரையன்-வில்சனின் 'ஆர்ட் வொர்க்கர்ஸ்' நூல் 2009-இல் வெளிவந்தது. நியூயார்க் கலைத் தொழிலாளர் கூட்டணியைப் பற்றி அதற்குப் பின் எழுதியவர்களில் பெரும்பாலோர் அவர் வகுத்த தடத்திலேயே நடக்கிறார்கள். அவருடைய மையக் கேள்வி, கலைஞர்கள் தங்களைத் தொழிலாளர் என்று அழைத்துக்கொண்டபோது அந்த அடையாளம் எவ்வளவு தூரம் தாங்கியது என்பது. கார்ல் ஆந்த்ரே, ராபர்ட் மோரிஸ், லூசி லிப்பார்ட், ஹான்ஸ் ஹாக்கே என்று ஆளுக்கொரு இயலாக அந்தக் கேள்வியைத் தொடர்ந்து செல்கிறார். செங்கல்லை வரிசையாக அடுக்கியவர், விட்னி அருங்காட்சியகத்தில் மரத்தையும் கான்கிரீட்டையும் உருட்டவிட்டவர், எழுத்தை உழைப்பாகக் கண்டவர், அருங்காட்சியகத்தின் நிர்வாகக் குழுவையே ஆய்வுப் பொருளாக்கியவர் என்று விரியும் நான்கு இயல்களும் கூர்மையானவை. மோரிஸைப் பற்றிய பகுதியை இப்போது படித்தாலும் புதிதாக இருக்கிறது.

எனக்குச் சிக்கல் அவருடைய முடிவில் இல்லை, நுழைவாயிலில் இருக்கிறது. 'வேலை' என்ற வாசல் வழியாக உள்ளே போகிறவருக்குக் கூட்டணியின் கதை முரண்பாடுகளின் கதையாகத்தான் தெரியும். இவர்களுக்கு முதலாளி கிடையாது, கூலி கிடையாது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் இவர்களை வேலைக்கு வைக்கவில்லை, அதனால் வேலைநீக்கமும் செய்ய முடியாது. ஆந்த்ரேயின் செங்கல்லைச் சுட்டவன் வேறொருவன். 1970 மே 8 அன்று வால் ஸ்ட்ரீட் பகுதியில் கட்டுமானத் தொழிலாளர்கள் போர் எதிர்ப்பு மாணவர்களை அடித்து நொறுக்கினார்கள். அதன் பிறகு, நாங்களும் தொழிலாளர்தான் என்று சொல்லிக்கொள்வதே கலைஞர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. பிரையன்-வில்சன் இதையெல்லாம் சரியாகவே காட்டுகிறார். ஆனால் கூட்டணி வெளியிட்ட கோரிக்கைகளில் கூலிக் கோரிக்கை ஒன்றுகூட இல்லை. பெயரில் தொழிலாளர் இருக்க, கோரிக்கையில் கூலி இல்லாமற்போனதை முரண்பாடு என்று அவர் வழியில் சொல்லிவிடலாம். அவர்கள் வேறு ஏதோ ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றும் கொள்ளலாம். நான் இரண்டாவதன் பக்கம் நிற்கிறேன்.

என் சான்று ஒரே ஒரு தாள். இன்னும் சரியாகச் சொன்னால், ஒரே தாளின் இரண்டு வடிவங்களுக்கு இடையிலான வேறுபாடு.

முதல் வடிவம் 1969 ஜனவரி 28-ஆம் தேதியுடையது. அந்த மாதம் 3-ஆம் தேதி கிரேக்கச் சிற்பி தாகிஸ், நவீன கலை அருங்காட்சியகத்தின் இயந்திரக் கண்காட்சியிலிருந்து தன் சிற்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு வெளியேறியதும், அதிலிருந்து கூட்டணி உருவானதும் பலரும் எழுதிய கதை. இயக்குநர் பேட்ஸ் லோரியிடம் கொடுக்கப்பட்ட அந்தத் தாளில் பதின்மூன்று கோரிக்கைகள். அருங்காட்சியகத்துக்கும் கலைஞர்களுக்கும் உள்ள உறவு குறித்துப் பொது விசாரணை வேண்டும். கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளுக்கு அவர்களே நடத்தும் தனிப் பிரிவு வேண்டும். அனுமதி எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும். படைப்பைக் காட்சிக்கு வைத்தால் கலைஞருக்கு வாடகை தர வேண்டும் என்பவை அவற்றுள் சில. பதின்மூன்றும் ஒரே நிரலில், ஒரே நிறுவனத்தை நோக்கி நிற்கின்றன. வாடகைக் கோரிக்கைக்கு அங்கே எந்த நிபந்தனையும் இல்லை.

இரண்டாம் வடிவம் 1970 மார்ச்சில் திருத்தப்பட்டது. லிப்பார்ட் அதே ஆண்டு நவம்பரில் 'ஸ்டூடியோ இன்டர்நேஷனல்' இதழில் கூட்டணியைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைக் காணலாம். இப்போது தாள் இரண்டு பிரிவாகிவிட்டது. முதல் பிரிவில் ஒன்பது கோரிக்கைகள், அவை ஒரு நிறுவனத்தை விட்டு அருங்காட்சியகங்கள் அனைத்தையும் நோக்குகின்றன. நிர்வாகக் குழுவில் ஊழியர், புரவலர், கலைஞர் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மக்களின் குடியிருப்புகளுக்குக் கிளைகள். பெண் கலைஞர்களுக்கு நியாயமான இடம். எப்போதும் இலவச அனுமதி. இரண்டாம் பிரிவு கலைஞரின் பொருளாதார நிலை பற்றியது. அதில் மூன்றே கோரிக்கைகள். அனுமதிக் கட்டணம் வாங்கும் இடத்தில் படைப்பைக் காட்டினால் கலைஞருக்கோ வாரிசுக்கோ வாடகை. படைப்பு மறுவிற்பனையாகும்போது கிடைக்கும் லாபத்தில் ஒரு பங்கு. இறந்துபோன கலைஞர்களின் படைப்பு விற்பனைமீது வரி விதித்து ஒரு நிதியம், அதிலிருந்து உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு, குடும்பத்தாருக்கு உதவி.

இந்த மூன்றுக்கும் தலையில் ஒரு நிபந்தனைத் தொடர் இருக்கிறது. எல்லா மக்களுக்கும் குறைந்தபட்ச வருமானம் உறுதி செய்யப்படும் காலம் வரையில் கலைஞரின் நிலையைக் கீழ்க்காணும் வழிகளில் மேம்படுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. கலைஞர்களுக்கு என்று இல்லை, எல்லா மக்களுக்கும் என்று இருக்கிறது.

அந்தக் காலத்து இடதுசாரி அறிக்கைகளில் சம்பிரதாயமாகச் சேர்த்துக்கொள்ளும் வாசகம்தானே இது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு துணைத் தொடர்மீது ஒரு கட்டுரையை ஏற்றுவது ஆபத்து என்பதும் தெரிந்தே செய்கிறேன். ஆனால் இரு வடிவங்களையும் அருகருகே வைத்தால், சம்பிரதாயம் என்று ஒதுக்க முடியாத இரண்டு மாற்றங்கள் தென்படுகின்றன.

முதலாவது, வாடகைக் கோரிக்கை இடம் மாறியிருக்கிறது. 1969-இல் அது தன் காலில் நிற்கும் உரிமை. 1970-இல் ஒரு காலவரையறைக்குக் கீழ் வந்துவிட்டது, தற்காலிக ஏற்பாடாகிவிட்டது. வெறும் அலங்காரத்துக்காகத் தொடரைச் சேர்த்தவர்கள் அதைத் தாளின் முகப்பில் போட்டிருப்பார்கள். ஒரு பழைய கோரிக்கையைப் பிடுங்கி அதன் கீழ் நட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. 1970 வடிவில் வாடகை, அனுமதிக் கட்டணம் வாங்கும் இடங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டிருக்கிறது. முதல் பிரிவோ அனுமதிக் கட்டணமே கூடாது என்கிறது. அப்படியானால் முதல் பிரிவு நிறைவேறிய அன்றே இரண்டாம் பிரிவின் முதல் கோரிக்கை செல்லாததாகிவிடும். தன் கோரிக்கை தானே காலாவதியாகும்படி எழுதியிருக்கிறார்கள். குழுவாக உட்கார்ந்து எழுதும் தாள்களில் இப்படிப் பொருந்தாத இணைப்புகள் நேர்வதுண்டு, எவரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. எனினும், நிலையான உரிமை ஒன்றும் இடைக்கால ஏற்பாடுகள் பலவும் என்ற பாகுபாடு அவர்கள் மனத்தில் இருந்திருந்தால், தாள் சரியாக இந்த வடிவத்தைத்தான் எடுத்திருக்கும். அந்தப் பாகுபாடு இல்லையென்று கொண்டால் இரண்டு மாற்றங்களையும் தனித்தனியே தற்செயல் என்று விளக்க வேண்டிவரும்.

தேதியும் என் பக்கம் சாய்கிறது, முழுதாக அல்ல. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே பணம் தரும் எதிர்மறை வருமான வரியை மில்டன் ஃப்ரீட்மன் 1962-இல் முன்வைத்திருந்தார். மார்ட்டின் லூதர் கிங் 1967-இல் உறுதி செய்யப்பட்ட வருமானத்துக்காக எழுதினார். நிக்சன் 1969 ஆகஸ்டில் குடும்ப உதவித் திட்டத்தை அறிவித்தார். நான்கு பேர் கொண்ட, வேறு வருமானமில்லாத குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,600 டாலர். ஜார்ஜ் வைலியும் ஜானி டில்மனும் முன்னின்ற தேசிய நல உரிமை அமைப்பு அதை அற்பத் தொகை என்று தள்ளி 5,500 டாலர் கேட்டது. மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது 1970 ஏப்ரல் 16. ஆக, கூட்டணி தாளைத் திருத்திய மார்ச்சில் எல்லாருக்கும் குறைந்தபட்ச வருமானம் என்பது கனவுப் பேச்சல்ல, செய்தித்தாள்களில் அடிபட்ட மசோதா. அந்த மாதத்தில் ஒரு காலவரையறையாக அதைக் குறிப்பிடுவதற்கு நடைமுறைப் பொருள் இருந்தது. நல உரிமை இயக்கத்திலிருந்து இந்தக் கருத்து நேரே கூட்டணிக்குள் வந்ததா, பத்திரிகை வழியாக வந்ததா என்பதை இந்தத் தாளைக் கொண்டு நிறுவ முடியாது. தாள் கூட்டாக எழுதப்பட்டது, வரிக்கு வரி கையொப்பம் கிடையாது. யார் அந்தத் தொடரை நுழைத்தார் என்பதை ஊகிக்கவும் நான் தயாரில்லை.

இனி மூன்று கோரிக்கைகளின் தன்மையைப் பாருங்கள். வாடகை, பொருளை வைத்திருப்பவர் கேட்பது. மறுவிற்பனைப் பங்கு, சொத்தில் பாத்தியதை உள்ளவர் கேட்பது. இரண்டும் உடைமையாளரின் குரல். மூன்றாவது முற்றிலும் வேறு. யாருடைய படைப்பு விற்றது, எவ்வளவுக்கு விற்றது என்ற கணக்கே அதில் இல்லை. செத்தவர்களின் புகழால் சந்தையில் குவியும் பணத்தில் ஒரு பகுதி, இருப்பவர்களின் மருத்துவச் செலவுக்கும் சோற்றுக்கும் போகிறது. இது கலைச் சந்தையின் மொழியல்ல, சமூகக் காப்பீட்டின் மொழி. ஆனால் அந்த உதவித்தொகைக்கு உரியவர் யார், கலைஞர் என்று யாரை எண்ணுவது, யார் எண்ணுவது என்ற கேள்விகளுக்குத் தாளில் விடை இல்லை. தலைத் தொடரின் தேவை இங்கேதான் புரிகிறது என்பது என் துணிபு. எல்லாருக்கும் வருமானம் என்று வந்துவிட்டால் யார் கலைஞர் என்று தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டாம்.

1969 ஏப்ரல் 10-ஆம் தேதி கூட்டணி நடத்திய திறந்த விசாரணையில் ஓவியர் லீ லொசானோ தன்னைக் கலைத் தொழிலாளி என்று அழைத்துக்கொள்ள மறுத்தார், கலைக் கனவு காண்பவர் என்றே சொல்லிக்கொண்டார். பிரையன்-வில்சனின் சட்டகத்தில் அது அடையாளத்தில் விழுந்த விரிசல். வருமானத்தின் பக்கமிருந்து பார்த்தால் விரிசலே இல்லை. கனவு காண்பவருக்கும் வீட்டு வாடகை கட்ட வேண்டியிருக்கிறது, குறைந்தபட்ச வருமானம் அவரிடம் வேலைச் சான்று கேட்பதில்லை.

முப்பதுகளோடு ஒப்பிட்டால் இந்த நகர்வின் அளவு தெரியும். வேலையற்ற கலைஞர் குழுவாக 1933-இல் தொடங்கி கலைஞர் சங்கமாக மாறிய அமைப்பு அரசிடம் கேட்டது வேலை. 1935-இல் தொடங்கிய கூட்டாட்சிக் கலைத் திட்டத்தில் நியூயார்க் ஓவியர்களுக்கு வாரம் 23.86 டாலர் சம்பளமாகவே கிடைத்தது. ஆட்குறைப்பு வந்தபோது அலுவலகத்தில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 1936 டிசம்பர் 1 அன்று 219 பேர் கைதானார்கள். அவர்களுக்கு முதலாளி இருந்தார், அரசாங்கம். கூலி இருந்தது, வேலைநீக்கச் சீட்டும் இருந்தது. அறுபதுகளின் கலைஞர்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. இல்லாத முதலாளியைத் தேடுவதை ஒரு கட்டத்தில் கைவிட்டார்கள் என்றே 1970 தாளைப் படிக்கிறேன். நவீன கலை அருங்காட்சியகத்தில் முதலாளி உண்மையில் யாருக்கு இருந்தார் என்பதை அங்கே சம்பளம் வாங்கிய ஊழியர்களே காட்டினார்கள். 1971-இல் சங்கம் அமைத்து அதே ஆண்டு வேலைநிறுத்தமும் செய்தார்கள்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிக்சன் மசோதா செனட்டின் நிதிக் குழுவில் சிக்கி 1972-க்குள் செத்தது. கூட்டணி அதற்கு முன்பே, 1971 அளவில் கலைந்துபோயிற்று. இறந்த கலைஞர் வரி தாளிலேயே தங்கிவிட்டது. மறுவிற்பனைப் பங்குக்கு மட்டும் ஆயுள் நீண்டது. காட்சியமைப்பாளர் செத் சீகலாப்பும் வழக்கறிஞர் பாப் புரோஜான்ஸ்கியும் 1971-இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம் லாபத்தில் 15 சதவீதம் கேட்டது. கலிஃபோர்னியா 1976-இல் விற்பனை விலையில் 5 சதவீதம் என்று சட்டமே இயற்றியது. 2018-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை ஏறக்குறைய முழுதும் செல்லாததாக்கியது. ஆக, தாளிலிருந்து சட்டத்துக்குள் போனது உடைமையாளரின் குரல், பொதுக் கோரிக்கை அல்ல. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. சொத்துரிமையாக எழுதக்கூடியதற்குச் சட்டத்தில் தயாராக இடம் இருந்தது.

வருமானக் கோரிக்கை திரும்பி வர ஐம்பது ஆண்டுகள் ஆயின, வந்தபோது உருமாறி வந்தது. 'கிரியேட்டிவ்ஸ் ரீபில்ட் நியூயார்க்' என்ற திட்டம் 2,400 கலைஞர்களுக்கு மாதம் 1,000 டாலர் வீதம் 18 மாதம் கொடுத்தது. அயர்லாந்து அரசு 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ கொடுக்கத் தொடங்கியது. அயர்லாந்தில் தகுதியுள்ளோரிடையே தேர்வு குலுக்கல் முறையில் நடந்தது. படைப்பின் தரத்தை எடைபோடும் குழு இல்லை. அது பெரிய முன்னேற்றம், கூட்டணிக்காரர்கள் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் குலுக்கலுக்குள் நுழையவே கலைஞர் என்று சான்று காட்டியாக வேண்டியிருந்தது. 1970 தாள் விடை சொல்லாமல் விட்ட கேள்விக்கு இங்கே விண்ணப்பப் படிவம் விடை சொன்னது.

இவற்றை 1970-இன் வாரிசுகள் என்று கொண்டாடும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடு இல்லை. தாளின் மூன்றாம் கோரிக்கைக்கு வேண்டுமானால் இவை வாரிசு. அந்தக் கோரிக்கைமீது போட்டிருந்த காலவரையறை இவற்றில் கிடையாது. கலைஞர்களுக்கு அடிப்படை வருமானம் கேட்பவர்கள் கூட்டணியின் பெயரைச் சொல்வதாக இருந்தால் தாளின் இரண்டாம் பிரிவை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும், இரண்டாம் வரியிலிருந்து அல்ல.