கருவெதிர்ப்பான் சோதனையின் வரலாறு

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஞ்சையில், வேறோர் உயிரணுவின் கருவை விழுங்கிய வெள்ளையணுக்களைக் கண்டு 'எல்.இ. செல்' எனப் பெயரிட்டனர். கருவைத் தாக்கியவை நோயாளியின் சொந்த எதிர்ப்பான்களே எனப் பின்னரே தெரிந்தது. 1957-இல் ஜார்ஜ் ஃப்ரியூ ஒளிர்சாயத்தால் அவற்றை நுண்ணோக்கியில் காட்டினார்.

ஒளிரும் கோலத்துக்கும் பொருள் உண்டு. கரு முழுதும் சீராக ஒளிர்ந்தால் லூபஸ் ஐயம் வலுக்கும். சென்ட்ரோமியர்ப் புள்ளிகள் மட்டும் ஒளிர்ந்தால், தோல் இறுகும் ஸ்கிளீரோடெர்மாவின் ஒரு வகையை நினைக்க வேண்டும். எலியின் ஈரல் திசுவில் பிரியும் அணுக்கள் அரிது என்பதால் தொடக்கத்தில் இப்புள்ளிகள் கண்ணுக்குத் தப்பின. விரைந்து பெருகும் ஹெப்-2 அணுக்களில் பார்த்தபின், 1980 வாக்கில்தான் பிடிபட்டன.

நுட்பம் கூடியதும் தொல்லையும் கூடியது. அறிகுறி ஏதுமில்லாதவருக்கு இச்சோதனை செய்து, வந்த தாளைக் காட்டிப் பயமுறுத்துவது இன்றும் நடக்கிறது. 1997-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 1:40 நீர்ப்பில் நலமுள்ளோரிலேயே ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கும், 1:160-இல் 5 விழுக்காட்டினருக்கும் முடிவு நேர்மறையாக வந்தது.