செங்கற் களமும் வெள்ளக் கோடும்

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன பூக்கடைகளும் வாழையிலைச் சாப்பாடும் பழைய ரயில்வே குடியிருப்புகளுமே. அப்பெயர் ஒரு வெள்ளத்தின் நினைவுச் சின்னமுமாகும் என்பதை எண்ணுவோர் சிலரே.

1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோலாலம்பூர் தீப்பற்றி எரிந்தது. அவ்வாண்டு முடியுமுன் வெள்ளம் வந்து எஞ்சியதையும் குலைத்தது. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய ஊர் வேறென்ன செய்யும்? 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக அமர்ந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் எழவேண்டும் என்றார். சீனர் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் ஊருக்குத் தெற்கே சூளைகளை நிறுவினார். சூளைகள் இருந்த அவ்விடமே பிரிக்பீல்ட்ஸ். தமிழிற் சொன்னால் செங்கற் களம். நெருப்பும் நீரும் சேர்ந்து இட்ட பெயர் அது.

நகரின் பெயரிலும் இதே செய்தி உண்டு. கோம்பாக், கிள்ளான் ஆகிய இரண்டு ஆறுகளும் கூடும் சேற்று முகம் என்பதே கோலாலம்பூர் என்பதன் பொருள். 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய சீனத் தொழிலாளர் ஈயம் தேடி அங்கே இறங்கினர். பின்னர்ச் சுரங்கங்கள் பெருகப் பெருக, அவற்றில் அலசிய மணலும் சேறும் ஆற்றிற் சென்று படிந்தன, படுகை மேடிட்டது. மேடிட்ட ஆறு கரை மீறுவதில் வியப்பில்லை. 1926இல் பெருவெள்ளம். 1971 சனவரியில் அதனினும் கொடிய துயரம்: தலைநகரில் 32 பேர் மாண்டனர், 1,80,000 பேர் இன்னலுற்றனர். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் என அறிவித்தார். அதன்பின் அணைகளும் கால்வாய்களும் வந்தன, 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஸ்மார்ட்' சுரங்க வழியும் திறக்கப்பட்டது. பொறியாளர் தம் கடமையைச் செய்தனர். நாம் செய்தது என்ன?

1971இல் நான் கைக்குழந்தை. கிள்ளான் கடலோரத் தோட்டமொன்றின் லயத்தில், என்னைத் துணியிற் கட்டி அட்டாலியில் வைத்துவிட்டு, தாம் மார்பளவு நீரில் நின்றதாக என் தாயார் சொல்லுவார். அத்தோட்டங்களின் தாழ்நிலத்தைப் பயிருக்கு உரியதாக்கியவர்கள் கான் வெட்டிய, கரை போட்ட, மதகு காத்த நம் தமிழ்த் தொழிலாளரே. எந்தக் கான் முதலில் நிரம்பும், எந்த லயத்தில் முதலில் ஈரம் ஏறும் என்பது அவர்கட்கு மனப்பாடம். அவ்வறிவை எவரும் எழுதி வைக்கவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஆட்கள் பிரிந்தனர். அறிவும் அவர்களுடன் போயிற்று. இன்றைய ஷா ஆலாமே பழைய தோட்ட நிலத்தில் எழுந்த நகரன்றோ! நிலம் தாழ்ந்தபடியே இருக்க, வீடு வாங்க வந்தோர் கண்டது புதுச்சுவரும் புது வண்ணமுமே.

2021 திசம்பரில் ஒரு மாதத்து மழை ஒரே நாளிற் கொட்டியது. ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில் நீர் கீழ்த்தளத்தை விழுங்க, மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்தனர். அவ்வாண்டின் வெள்ளங்களால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்பது புள்ளிவிவரத் துறையின் கணக்கு. அதே தாமான் 1995இலும் மூழ்கிய இடமே. அச்செய்தி சுவரிற் பொறிக்கப்பட்டிருந்தால், அன்று மழை வலுத்தபோது சிலரேனும் முன்னதாகவே மேடேறியிருப்பர் என்பது என் எண்ணம்.

இது வீண் ஆசையன்று. சப்பானில் அநெயோஷி என்னும் சிற்றூரில், 1933ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், இதற்குக் கீழே வீடு கட்டாதீர் என்று ஒரு கல் நட்டனர். ஊரார் பணிந்தனர். 2011இல் வந்த பேரலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றது. நம் நாட்டிலும் கிளாந்தானின் கோலக் கிராயில், ஆறு எத்தனை படி ஏறிற்று என்று ஆற்றங்கரைப் படிக்கட்டைப் பார்த்து வெள்ளத்தை அளப்பர்.

கல்லினும் வலியது கலை. வையை பெருகியபோது வீட்டுக்கொருவர் வந்து தம் பங்குக் கரையை அடைக்கவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டதும், ஆளில்லாத வந்திக்காக இறைவன் பிட்டுக்கு மண் சுமந்ததும் நாம் அறிந்த கதை. மதுரையில் ஆவணிதோறும் அது திருவிழாவாக நடிக்கப்பெறுகிறது. பக்தர் அதிலே அருளைக் காண்பர். நானோ பள்ளி ஆசிரியன். கரையைப் பங்கிட்ட முறையையும் காண்கிறேன். ஆற்றங்கரை அரசனுடைய பொறுப்பு மட்டுமன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் அளந்து விட்ட பொறுப்பு என்பதை இத்தனை நூற்றாண்டுகள் மறவாமல் வைத்தது எந்தச் சட்டப் புத்தகம்?

சில ஆண்டுகளுக்குமுன் இக்கதையையே எம் மாணவரைக் கொண்டு தோட்டத்துக் கோயில் மேடையில் நடிக்கச் செய்தேன். வையைக்குப் பதில் கிள்ளான் ஆறு. அதற்கு முன்னே, வீட்டுப் பெரியோரிடம் ஒரே கேள்வி கேட்டு வரச்சொன்னேன்: 71இல் தண்ணீர் எதுவரை நின்றது? 'பெரிய வெள்ளம்' என்னும் விடை செல்லாது. இடுப்பா, மார்பா, சன்னல் கட்டையா என்று அளவு வேண்டும். கிடைத்தவற்றைக் கொண்டு பிள்ளைகள் பள்ளியின் பழைய சுவரிலே லயம், கான், மதகு எல்லாம் அடங்கிய படமொன்று தீட்டினர். அதன் ஓரத்தில், மூதாட்டி ஒருவரை நிறுத்தி அவர் காட்டிய இடத்தில் நீலக்கோடு இழுத்தனர்.

நாடகத்தன்று கரை உடையும் காட்சி வந்தது. கூட்டத்திலிருந்து ஒரு முதியவர் எழுந்து, "அங்கே இல்லையப்பா, மதகண்டைதான் முதலில் உடைந்தது!" என்றார். இன்னொருவர் மறுத்தார். நாடகம் கால்மணி நேரம் நின்றுபோயிற்று. ஆற்றை ஒருநாளும் ஏறிட்டுப் பாராத இளைஞர்கள் இருவருக்கும் நடுவே போய் நின்று கேட்டனர். எத்தனையோ வெள்ள எச்சரிக்கைத் துண்டறிக்கைகளை நான் விநியோகித்ததுண்டு. அவற்றுள் ஒன்றுகூட இப்படியொரு சண்டையை மூட்டியதில்லை.

மறு ஆண்டு விடுமுறையில் கட்டடத்துக்கு வண்ணம் பூச வந்த குத்தகைக்காரர் படத்தையும் கோட்டையும் சேர்த்து வெள்ளையடித்துவிட்டார். மூதாட்டியும் அதற்குள் காலமாகிவிட்டார். நல்லவேளையாக ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் கணக்கு நோட்டின் பின்னட்டையில், 'பாட்டி காட்டியது: தரையிலிருந்து 4 அடி 3 அங்குலம்' என்று குறித்து வைத்திருந்தாள். அந்த உயரத்தில் கோடு மீண்டும் இழுக்கப்பட்டது. இம்முறை எண்ணெய் வண்ணத்தில்.