லைன் வீட்டுச் சாவி

ஊட்டி, குன்னூர்னு சொன்னா உங்களுக்கு டீயும் வர்க்கியும் ஞாபகம் வரும். எனக்கு ஒரு சாவி ஞாபகம் வரும். ரிட்டயர் ஆனதும் எங்க பாட்டி எஸ்டேட் ஆபீஸ்ல திருப்பிக் கொடுத்த லைன் வீட்டுச் சாவி.

கதை 1964-ல ஆரம்பிக்குது. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கை மலையகத் தமிழர்கள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அந்த மக்களை யாரும் கேட்கல. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இன்னைக்கு அதுக்குப் பேர் டான்டீ. பலர் தனியார் எஸ்டேட்டுகளுக்கும் போனாங்க, எங்க பாட்டி மாதிரி.

1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவத்தையும் முதலாளி பொறுப்பாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனா அந்த உரிமை வேலையோடு கட்டப்பட்டது. ரிட்டயர் ஆனபிறகு, பிள்ளைகளில் ஒருத்தர் அதே தோட்டத்தில் வேலை பார்த்தால்தான் கூரை. அவங்க திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ போயிட்டா?

தனியார் முதியோர் இல்லம் இருக்கு. ஆனா 2014-ல் நிர்ணயிச்ச குறைந்தபட்ச பி.எஃப். பென்ஷன் மாசம் 1,000 ரூபாய். அதை வச்சு எந்தக் கதவைத் தட்டுறது?

2007-ல் மூத்த குடிமக்கள் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, வசதியில்லாத 150 பேருக்காவது இடம் என்கிறது 19-ம் பிரிவு. ஆனா அதுல 'அமைக்க வேண்டும்'னு இல்ல, 'அமைக்கலாம்'னுதான் இருக்கு.

கொழுந்து பறிச்சே தேஞ்ச கைகளோட முதுமை அந்த 'லாம்'லதான் தொங்குது.