உருக்கும் சூடும்

ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று எழுதியது நம்ம உருக்குதான். பாலவாக்கத்தில் உட்கார்ந்து அதன் வரலாற்றைப் படித்தபோது பெருமையைவிட ஒரு கேள்விதான் உறுத்தியது: அவ்வளவு உறுதியான எஃகு ஐரோப்பியக் கொல்லர்களின் சுத்தியலுக்கு ஏன் நொறுங்கியது?

கரிமம் சுமார் 1.5 சதவீதம். அவர்கள் பழகிய வெண்சூட்டில் அடித்தால் உதிரும். செஞ்சூட்டில் அடித்தால் வளையும். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் ஷெர்பியும் வாட்ஸ்வொர்த்தும் அதேபோல் கரிமம் மிகுந்த எஃகின் படிக மணிகளை மிக நுண்ணியதாக்கினார்கள். சூட்டில் அது ஜவ்வு மாதிரி நீண்டது.

சரி, மணிகளை நானோ அளவுக்குப் பொடியாக்கினால்? வலிமை பலமடங்கு ஏறும். ஆனால் சாதாரண வெப்பநிலையில் இழுத்தால், பெரும்பாலும் கொஞ்சம் நீள்வதற்குள் அறுந்துவிடும்.

வலிமையும் நெகிழ்வும் சேரும் சூட்டைக் கொல்லர் கண்ணாலேயே அறிந்திருந்தார். நாம் பெயரை மட்டும் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.