பச்சிளங் குழந்தைகளின் செவிப்புலன் சோதனை: மூளைத்தண்டுத் துலங்கலின் வரலாறு

பிறவியிலேயே காது கேளாத குழந்தையும் மற்றக் குழந்தைகளைப் போலவே அழும், சிரிக்கும், முதல் மாதங்களில் மழலை ஒலிகளும் எழுப்பும். இதனால், பேச்சு வரவில்லையே என்று பெற்றோர் கவலைப்படும் வயதில்தான் குறை வெளிப்பட்டது. மொழியைப் பற்றிக்கொள்ள உகந்த காலம் அதற்குள் பெரும்பாலும் கழிந்திருக்கும்.

1960களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் மரியன் டவுன்ஸ், பிறந்த குழந்தைகளின் அருகே ஒலியெழுப்பி, இமை துடிக்கிறதா, உடல் திடுக்கிடுகிறதா என்று பார்க்கும் சோதனையை நடத்தினார். நோக்கம் சரி, முறைதான் போதவில்லை. நன்றாகக் கேட்கும் குழந்தை அயர்ந்து உறங்கலாம். கேளாத குழந்தை தற்செயலாக அசையலாம். அவருடைய முயற்சியால் 1969இல் அமைந்த கூட்டுக்குழுவே இம்முறையை எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்க முன்வரவில்லை.

தீர்வு நரம்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஒலி கேட்டதும் செவிநரம்பிலும் மூளைத்தண்டிலும் எழும் மின்துலங்கல், தலைத்தோலில் ஒரு மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. மூளையின் மற்ற மின்னலைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆனால் அவை ஒலியோடு தொடர்பின்றி ஏறி இறங்குபவை. 'கிளிக்' ஒலியை ஆயிரக்கணக்கான முறை எழுப்பிப் பதிவுகளைக் கணினியில் சராசரி எடுத்தால் அவை மங்கிவிடும், ஒலிக்குரிய துலங்கல் எஞ்சும். இப்படித்தான் டான் ஜுவெட்டும் ஜான் வில்லிஸ்டனும் 1971இல், சுமார் பத்து மில்லிநொடிக்குள் தோன்றும் அலைகளை விவரித்து ரோமன் எண்களிட்டனர்.

1974இல் கர்ட் ஹீகாக்ஸும் ராபர்ட் காலம்போஸும் இதைக் குழந்தைகளிடம் கொண்டுவந்தனர். (வௌவால் எதிரொலியால் வழியறிகிறது என்பதை டொனால்ட் கிரிஃபினுடன் சேர்ந்து நிறுவியவர் இதே காலம்போஸ்தான்.) ஒலியைக் குறைத்துக்கொண்டே போனாலும் ஐந்தாம் அலை கடைசிவரை நிற்கும், குழந்தைகளிடம் அது சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான். முன்பு தடையாக இருந்த உறக்கம் இப்போது வசதியாயிற்று.

ஆனாலும் நீண்ட காலம் ஆபத்துக்காரணி உள்ள குழந்தைகளுக்கே சோதனை நடந்தது. கேள்விக்குறையுடன் பிறப்போரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அத்தகைய காரணி எதுவும் இருப்பதில்லை. அலைகளைத் தானே மதிப்பிடும் கருவிகள் 1980களில் வந்தபின் நிலைமை மாறியது. 1993இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு எல்லாக் குழந்தைகளுக்கும் சோதனையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதத்துக்குள் குறை கண்டறியப்பட்டவர்களின் மொழித்திறன் தெளிவாக மேம்பட்டிருப்பதை 1998இல் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் காட்டினர்.

டேவிட் கெம்ப் 1978இல் கண்டறிந்த செவி உமிழொலிச் சோதனை இதைவிட விரைவானது. ஆனால் அது உட்செவியின் நத்தை எலும்பு வரையே அறியும். குறை செவிநரம்பில் இருந்தால் அதில் தப்பிவிடும். ஆகவே தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் குழந்தைகளுக்கு மூளைத்தண்டுத் துலங்கல் சோதனையே இன்றும் பரிந்துரைக்கப்படுகிறது.